பின்தட்டில் பத்துக் குப்பி

இன்று மருந்துக் கிடங்கின் ஃபிரிட்ஜை அணைத்துத் துடைத்தோம். பனி உருகியதும் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை எழுந்தது. உம்மிடம் மறைத்ததை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வருஷம் இந்த ஆஸ்பத்திரிக்கு மருந்தாளுநராக வந்தவர்கள். நீர் நேர்வழி, நான் குறுக்குவழி. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தால், மாவட்டக் கிடங்கிலிருந்து போன் வரும். நம் இருப்பிலிருந்து தூக்கிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவிட்டு, அறுப்புக் காலத்தில் பாம்புக்கடி மருந்தில்லாமல் நாமே கையைப் பிசைந்து நின்றோம், நினைவிருக்கும். அதனால்தான் அடுத்த வருஷம் பத்துக் குப்பியை வார்டுக்குக் கொடுத்ததாகப் பதிந்துவிட்டு, இன்சுலின் அட்டைப்பெட்டிக்குள் போட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் தள்ளிவைத்தேன். நம்ம ஊர் சனத்துக்குத்தானே என்று பெருமை வேறு. சொன்னால் மறுநாளே இருப்பில் ஏற்றிவிடுவீர் என்று உமக்குச் சொல்லவில்லை.

நான் நாங்குநேரிக்கு மச்சினன் கல்யாணத்துக்குப் போன அன்று, வயலில் கடிபட்ட ஒரு பெண்ணைத் தூக்கிவந்தார்கள். நீர் பதிவேட்டைப் பார்த்தீர், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தீர். மருந்து இல்லை, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பினீர். போகிற வழியிலேயே அவள் இறந்துபோனாள்.

மறுநாள் நான் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர். "இருந்தா குடுக்க மாட்டேனாவே? அவ மாப்பிள்ளை நான்தான் கொன்ன மாதிரி பாக்குதான்வே."

"நீரு என்ன செய்வீரு, விடும்வே" என்று சொல்லி உம் தோளைத் தட்டினேன். வெட்கங்கெட்டவன். அன்று சாயங்காலமே அந்தக் குப்பிகளை மாவட்டக் கிடங்கிலிருந்து வந்த புதுவரவோடு சேர்த்துவிட்டேன்.

அதன் பிறகு, பதிவேட்டில் இல்லாத மருந்தைக்கூடத் தட்டுத்தட்டாகக் கைவிட்டுத் துழாவிய பிறகே "இல்லை" என்பீர். "அண்ணாச்சி புதையல் தேடுதாவ" என்று நர்சுகள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலியில் நீர் போய்விட்டீர். துட்டி கேட்க உம் வீட்டுக்கு வந்த என்னிடம் உம் மனைவி, மதினி, சொன்னாள்: "கடைசி வரைக்கும் பாம்பு கடிச்சுச் செத்த அந்தப் பிள்ளையப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாவ, அண்ணாச்சி."

அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. உமக்கு இனிக் கேட்காது என்பதால்தான் உமக்கு எழுதுகிறேன்.