ஆயியிடம் சொன்ன பதில்

ஜன. 19, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக மாடிக்கு ஓடிக் கொடித்துணிகளை எடுத்தேன். தூறல். தை மாதத்தில் எதற்கு மழை. கோட்டுச்சேரி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு: வயல் ஈரம், அறுப்பு மெஷின் இறங்காது.

மாலையில் பல்கலைக்கழகத்தில் சீன வகுப்பு. என்னைத் தவிர எல்லோரும் சின்னப் பிள்ளைகள். பாடம் எடுப்பவள் தைவானில் படித்துவிட்டு வந்த கும்பகோணத்துப் பெண். அவளை ‘லாவ்ஷி’ என்று கூப்பிட வேண்டும். டீச்சர்தான். அவள் என்னை மேடம் என்கிறாள்.

‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று சொல்லச் சொன்னாள். வோ பாவ் ல என்றேன். வகுப்பே சிரித்தது.

“மேடம், நீங்க சாப்ட்டு முடிக்கல. ஓடிப் போயிட்டீங்க.”

மூச்சை அடக்கிப் பாவ் என்றால் வயிறு நிறைந்தது. மூச்சு தெறித்தால் ஓடியது. நமக்கு இரண்டுக்கும் ஒரே ப. வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துப் பழக வேண்டுமாம். காகிதம் ஆடினால் ஓட்டம், ஆடாவிட்டால் சாப்பாடு.

ஆனால் ழ நமக்குச் சுலபம். மனிதன் = ழென். பின்பெஞ்சுப் பையன் தமிழில் ‘வாளப்பளம்’தான். சீனத்தில் மட்டும் சுத்தமாக ழ வருகிறது.

வாங்க: உளுந்து, சலவை சோப்பு, இவருக்கு பி.பி. மாத்திரை.

ஜன. 20, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

அலுவலகத்தில் பஸ் டிக்கெட்டை வாய்க்கு முன்னால் பிடித்து பாவ், பாவ். பக்கத்து மேசை சரளா பார்த்துவிட்டாள்.

“என்ன மேடம், டிக்கெட்டுக்கு மந்திரம் ஓதுறீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“இந்த வயசுல சீனம் படிச்சு கப்பலா வாங்கப் போறீங்க?”

சும்மாதான் என்றேன். சும்மா இல்லை. மகள் நி. சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போய் இது நாலாவது வருடம். வீடியோவில் பேசும்போது யாராவது வந்து அவளிடம் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பட்டென்று பதில் சொல்லிப் பெண்ணைத் திகைக்க வைக்க வேண்டும். என் சீனத் தேர்வு முடியும் வரை நான் படிப்பது அவளுக்குத் தெரியக் கூடாது. இவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இரவு மாயவரத்திலிருந்து, நி.-யைப் பெண் கேட்கும் வீட்டு அம்மா ஃபோன்.

“பொண்ணு என்னைக்கு வருது?”

“லீவு விட்டதும் வந்துரும்ங்க.”

“அப்ப பிப்ரவரி மொத ஞாயித்துக்கெழம நாங்க வர்றோம்ங்க. பலகாரம் அது இதுன்னு இழுத்துப் போட்டுக்காதீங்க. பொண்ணப் பாத்தாப் போதும்.”

நல்ல மனுஷி. குறை சொல்ல ஒன்றுமில்லை. மகன் டாக்டர், சொந்தமாகக் கிளினிக் கட்டுகிறார். எங்கள் வீட்டில் இவர் இப்போதே நி.-க்கு அங்கே ஒரு நாற்காலி போட்டுவிட்டார்.

ஜன. 22, வியாழன்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர்.

நி. வீடியோவில் வந்தாள். இவரும் பக்கத்தில்.

“டிக்கெட் கெடைக்கலப்பா. இங்க சீனப் புத்தாண்டுக் கூட்டம். எல்லாம் ஃபுல்லு.”

“எவ்ளோ ஆனாலும் போடு.”

“பாக்குறேம்ப்பா.”

அந்த நேரம் அவள் அறை வாசலில் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி வந்து நின்றாள். பிள்ளைகள் அவளை ‘ஆயி’ என்கிறார்கள். அங்கே சித்தி மாதிரி. நம்மூரில் வேறு. ஆயி ஏதோ கேட்டாள். கடைசித் துண்டு மட்டும் என் காதில் நின்றது. ஹுவெய் ஜியா மா? வீட்டுக்குப் போகிறாயா? போன வாரப் பாடம். அந்த ‘மா’ நம் ‘ஆ’ போல, கேள்விக்கு. புரிந்துவிட்ட சந்தோஷத்தில் இவர் கையைக் கிள்ளப் போனேன்.

நி. சிரித்துக்கொண்டே சொன்னாள்: பு ஷியாங் ஹுவெய்.

போக விருப்பமில்லை.

எங்கள் பக்கம் திரும்பி, “டிக்கெட்டு பத்திதாம்மா கேக்குறாங்க” என்றாள்.

கிள்ளவில்லை.

ஜன. 23, வெள்ளி

நான் படித்திருப்பது மூன்று பாடம். தப்பாகக் கேட்டிருக்கலாம். நாள் முழுக்க இதே. பிறப்புச் சான்று நகல் கேட்டு வந்தவருக்கு வேறு யாருடையதையோ எடுத்துக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்ததும் லாவ்ஷியிடம் பொதுவாகக் கேட்பது போல: “பு ஷியாங்னா வேணாம்னுதானா?”

“ஷியாங் ஒரே சொல்லுதான் மேடம். நெனைக்கிறது, ஏங்குறது, ஆசப்படுறது எல்லாம் அதுதான். பு ஷியாங் ஜியா-ன்னா வீட்டு நெனப்பே இல்ல. நடுவுல ஹுவெய் வந்தா வீட்டுக்குப் போக மனசில்ல.”

“நெனப்பு இருந்தும் போக மனசில்லாம இருக்கலாமா?”

“அது இலக்கணத்துல வராது மேடம்.”

சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள். நி. சொன்னதில் ஹுவெய் வந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

போன வருடம் பரீட்சை முடியும் முன்பே பெட்டி கட்டியவள். கோழிக் குழம்புக்கு நாள் சொல்லி அனுப்பியவள். மாயவரத்துப் பேச்சு வந்த பிறகுதான் அவளுக்கு டிக்கெட் கிடைக்காமல் போகிறது. இது நேற்றே ஏன் எனக்குத் தோன்றவில்லை.

ஜன. 24, சனி

பனி. ஒன்பது மணிக்குத்தான் எதிர் வீடு தெரிந்தது.

இவர் வயல் பார்க்கப் போனதும் நானே கூப்பிட்டேன்.

“அந்தப் பையன் உனக்குச் சரிதானாடி?”

கொஞ்சம் பொறுத்துப் பேசினாள்.

“அப்பாவுக்குப் பிடிச்சிருக்குல்ல. அப்பறம் என்னம்மா.”

“நான் ஒன்னயக் கேட்டேன்.”

“சரிதாம்மா. நீ சாப்டியா?”

ஆயிக்குப் பதில் சொல்ல அவள் இப்படிப் பொறுக்கவில்லை.

நாக்கு நுனி வரை சீனம் வந்தது. விருப்பமில்லை என்றால் வராதே. இவ்வளவு சொல்ல எனக்குத் தெரியும். விழுங்கிவிட்டேன். மனதில் இருப்பதைப் பயமில்லாமல் சொல்ல அவளுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. அங்கேயும் அம்மா போய் நின்றால் பிள்ளை எங்கே போகும்.

அப்பா முகம் வாடக் கூடாது அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் முகத்தைப் பற்றி அந்தக் கவலை இருந்ததில்லை. இது வருத்தமா, பெருமையா. இரண்டும்.

மாவு புளித்துவிட்டது. நாளை பணியாரம்.

ஜன. 25, ஞாயிறு

இவர் கூடத்துக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பேசிவிட்டு வந்தார்.

“வெள்ளிக்கெழம வர்றான். என்ன கலரு சொல்லட்டும்?”

“அவசரம் என்ன?”

“வர்றவங்க செவத்தப் பாக்க மாட்டாங்களா?”

பணியாரத்தை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனநிலை. இங்கே எங்கள் தருமபுரம் முழுக்கச் சொல்லியாயிற்று போல. பால்காரர் கூட, “பாப்பாவுக்கு மாயவரமாம்ல” என்கிறார்.

இவரிடம் நி. சொன்னதைச் சொல்லலாம். உடனே அவளுக்கு ஃபோன் போடுவார். அவள் அழுவாள், அழுதுகொண்டே சரிப்பா என்பாள். வேண்டாம்.

நாளை மதிய இடைவேளையில் அலுவலகத்திலிருந்து மாயவரத்து அம்மாவுக்குப் பேசப் போகிறேன். வர வேண்டாம் என்று. பிடிக்காதது பெண்ணுக்கு இல்லை, பெற்ற எனக்குத்தான் என்று. இவரிடம் அதற்குப் பிறகு, அதே வார்த்தைதான் சொல்வேன்.