அந்தோணியின் மெட்டு

2004 நவம்பர் 12, வெள்ளி

வெளிநாட்டு மெட்டுக்கு யார் முதலில் பர்மிய வரி எழுதிப் பாடுகிறாரோ, இந்த ஊரில் அது அவருக்கே சொந்தம். இத்தனை வருடம் ஸ்டூடியோ நடத்தியும் எனக்கு அது ஏன் தோன்றவில்லை? அந்தோணி பாடிய ஜமைக்கா டான்ஸ்ஹால் ரிடிமையே, அதாவது குரலில்லாத அந்த வாத்திய மெட்டையே, இன்னொரு பாடகி மேரிக்கும் கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் அந்தோணி வந்து நின்றான்.

"என் மெட்டை மேரிக்குக் குடுத்துட்டீங்களாமே, பாய்?"

"ஜமைக்காவுல ஒரே ரிடிமில பத்துப் பேரு போட்டி போட்டுப் பாடுவாங்கப்பா. அதான் அங்க வழக்கம்."

அவன் நம்பவில்லை. மேரி பாடியதைப் போட்டேன். முறைத்துக்கொண்டே கேட்டு முடித்தான்.

"என்னோடதை அழிச்சிடுங்க."

கோபித்துக்கொண்டு கிளம்பப் போகிறான் என்று நினைத்தேன்; அவனோ மைக் முன்னால் போய் நின்றான்.

"இதைவிட நல்லாப் பாடணும். மைக்கைப் போடுங்க."

கரண்ட் போவதற்குள் பாடி முடித்துவிட்டான். நாளை மேரி இதைக் கேட்டால் அவளும் தன்னுடையதை அழிக்கத்தான் சொல்வாள். சொல்லட்டும். தூக்கம் வருகிறது.