இரண்டு மிஷின்

12 ஆகஸ்ட் 1991, திங்கள். ராஜபாளையம்.

தம்பி மனைவி சரோஜாவும் அவள் மகள் கலாவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். ஆவணியில் கலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மம்சாபுரம். என் தையல் மிஷின்கள் இரண்டில் ஒன்றைக் கேட்டார்கள்.

"ஒத்தை ஆளுக்கு எதுக்கு மதினி ரெண்டு? ஒரே நேரத்துல ரெண்டையுமா மிதிக்கிய?" என்றாள் சரோஜா.

"படிக்க ஒரு கண்ணாடி, தூரத்துக்கு ஒரு கண்ணாடி வச்சிருக்கேன்ல, அது மாதிரிதான்" என்றேன்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் விளக்கினேன். ஒன்றில் தடித்த ஊசி, தடித்த நூல்; பழைய சேலைகளை நாலு மடிப்பாக்கிப் போர்வை தைக்க. மற்றதில் மெல்லிய ஊசி, ஜாக்கெட்டுக்கு. ஒரே மிஷினில் மாற்றி மாற்றித் தைத்தால் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்வதிலேயே பாதி நாள் போய்விடும்.

கலா பொறுமையாகக் கேட்டாள். "அப்போ போர்வை மிஷினைக் குடுங்க அத்தை. அவிய தெருவுல ஜாக்கெட் தைக்க மூணு பேரு இருக்காவ. போர்வை தைக்க ஆளில்லை. கைச்செலவுக்கு நான் யாருகிட்டயும் போய் நிக்க வேண்டாம்லா."

யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏற்றிவிட்டேன்.

வந்ததும், பாதியில் கிடந்த போர்வையை ஜாக்கெட் மிஷினில் வைத்து மிதித்துப் பார்த்தேன். ஒரு சாண் ஓடுவதற்குள் ஊசி உடைந்தது. நான் சொன்னது அத்தனையும் சரிதான். ஆனால் கலாவிடம் ஒரு மிஷின்கூட இல்லை.

மீதிப் போர்வையைக் கையால் தைத்துக்கொள்ளலாம். காலையில் தம்பிக்கு ஒரு கார்டு போட வேண்டும், வண்டியோடு வரச் சொல்லி.