ஏழாவது அபாச்சி

ஒக்டோபர் 14, மாலை நான்கு மணி. இன்று கூரைக்கு மேலால் போன அபாச்சி ஹெலிகள் ஆறு.

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க இராணுவ முகாம்; பயிற்சி மட்டுந்தான். நேற்றுச் சத்தம் கேட்டதும், வன்னியில் குண்டுவீச்சு நேரம் நீங்கள் பழக்கினதுபோல வாயைத் திறந்து, காதைப் பொத்தி, வேலைமேசைக்குக் கீழே படுத்துவிட்டேன்.

“எழும்படா, மனேஜர் வாறான்,” என்றார் கூட வேலைசெய்யும் றெக்ஸ் அண்ணை. முப்பது வருடமாக ஜெர்மனியில் இருக்கிறவர். அவரும் பக்கத்து மேசைக்குக் கீழேதான் கிடந்தார்.

அபாச்சி அமெரிக்காவின் ஆதிக்குடிச் சனமொன்றின் பெயர். அவர்களை வேட்டையாடிய இராணுவமே அதைத் தன் ஹெலிக்கு வைத்திருக்கிறது. தம்பி கேட்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அதே பெயர். வேறு ஏதாவது கேட்கச் சொல்லுங்கோ. போனில் கதைக்கும்போது றேடியோவை நிறுத்தாதேங்கோ; இங்கத்தை ஹெலிச் சத்தம் உங்களுக்குக் கேட்கவேண்டாம்.

ஏழாவது வருகிறது. இனி:

1. கதிரையிலேயே இருந்து பார்ப்பேன்.
2. ஏலாவிட்டால் மேசைக்குக் கீழே போவேன்.
3. சத்தம் நின்றதும் இந்தக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுவேன்.