மஞ்சள் துணியில் முடிந்த ராஜா தலை

அக்கா,

இன்று உங்கள் கொழுந்தனார் வீட்டு விருந்துக்குப் போனபோது, கண்ணாடி அலமாரியில் வெள்ளைக்கார ராஜா தலை போட்ட உங்கள் வெள்ளி ரூபாயைப் பார்த்தேன். நீலப் பட்டுத்துணி மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், காந்தி நூற்றாண்டுக்கு வந்த புது வெள்ளிப் பத்து ரூபாய். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

உங்களுடையதேதான். ராஜாவின் காதுக்குக் கீழே அந்த வெட்டு இருக்கிறதே! பெருமாள்மலையில் உங்கள் பழக்கடையில் எடைக்கல் விழுந்து பட்டது. "ராசாவுக்கும் காது குத்தியாச்சு டீச்சர், மொய் வைங்க" என்று சிரித்தீர்கள்.

மகன் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது அதைத்தான் மஞ்சள் துணியில் முடிந்து, பழனி முருகனுக்கென்று சாமி படத்தடியில் வைத்தீர்கள். பிள்ளை பிழைத்தான். காணிக்கை செலுத்தக் கிளம்பிய காலையில் கொழுந்தனார் கதர்ச்சட்டையோடு வந்து முடிச்சை அவிழ்த்தார். குடியரசாகி, காசில் அசோகர் சிங்கம் ஏறியிருந்த புதிது.

"நம்ம ஆளுகளச் செயில்ல போட்டவன் தலை மதினி இது. இதப் போயி முருகன் உண்டியல்ல போடுவீங்களா?" என்று அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு, சிங்க ரூபாயை முடிந்து கொடுத்தார்.

"வேண்டி முடிஞ்சது அந்தக் காசு தம்பி. மாத்துனா சாமி குத்தமாயிருமே" என்றீர்கள். யார் காதில் வாங்கினார்கள்?

விடுதலைக்குப் பிறகும் சில வருடம் அந்தத் தலையைத்தான் நாம் கைமாற்றிக்கொண்டிருந்தோம். எனக்கும் கூசியது, மறைப்பானேன். ஆனால் புது ரூபாயில் வெள்ளி ஏது? வெள்ளைக்காரனே போர்க்காலத்தில் வெள்ளியைக் குறைத்து, கடைசியில் நிக்கலாக்கிவிட்டுப் போனான். நம்மவர்கள் தலையை மட்டும் மாற்றினார்கள். நீங்கள் வேண்டியது வெள்ளி, உண்டியலில் விழுந்தது நிக்கல். அதன் பிறகு பையன் இருமினால்கூட பழனி இருக்கும் திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வீர்கள். கண்ணை மூடும் முன் கடைசியாக என்னிடம் பேசியதும் அதைத்தான். "வேண்டுதல் அப்பிடியே கெடக்கு டீச்சர்."

உண்டியலுக்கு ஆகாத தலை நடுவீட்டுக்கு மட்டும் ஆகுமா? கொழுந்தனாரிடம் கேட்டேவிட்டேன்.

"அதுக்கு இப்ப என்ன மதிப்புன்னு தெரியுமா டீச்சர்?" என்றார்.

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலமாரியைத் திறந்து எடுத்தேன். "எங்க வீட்டுக் காசுங்க அது!" என்று கத்தினார். "முருகன் காசு" என்றேன். கழுத்தில் சிலுவை போட்டவள் வாயிலிருந்து அது வந்ததும், காசைப் பறிக்க நீட்டிய கையை மனிதர் இழுத்துக்கொண்டார்.

எனக்குக் காணிக்கை முடியத் தெரியாது, அக்கா. உங்கள் மகன்தான் மஞ்சளில் துணி நனைத்து முடிந்து கொடுத்தான். நாளை வெள்ளனே முதல் பஸ்ஸில் இருவரும் பழனிக்கு மலையிறங்குகிறோம். அதுவரை அது என் முந்தானையில்தான் இருக்கும். அலமாரிப் பக்கம் இனி போகாது.