சோடாவில் கழுவிய படம்

சண்டை போடக்கூட ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் ஜானகி மதினிக்கு,

உன் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு நெய்க்காரப்பட்டி. தென்னந்தோப்பு இருக்கிறது, வற்றாத கிணறு இருக்கிறது, பையன் அதிகம் பேசமாட்டான். இதைச் சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

கல்யாணப் பத்திரிகைக்கு முகப்பு அவளே செய்கிறாள். நீ பொங்கல் வாழ்த்துக்குச் செய்த அதே வேலைதான். பழைய பேப்பர் கடைக்குக் கட்டுக்கட்டாக வருமே எக்ஸ்ரே பிலிம், அதை வாங்கிக் கொதிக்கிற சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறப் போட்டு, கறுப்பையெல்லாம் வழித்தெடுத்து, கண்ணாடித் தாளாக்கிக் காயவைக்கிறாள். அதன் மேல் ஜிகினாத் தாளை விரித்து, கரி அடுப்பில் சுட்ட பித்தளை எழுத்தை வைத்து அழுத்துகிறாள். தாளை உரித்தால் பொன்னெழுத்து பிலிமில் நின்றுவிடும். அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி அதை ஒட்டினால் பார்க்கிறவர்கள் கண்ணை எடுக்கமாட்டார்கள். சூடு கூடினால் பிலிம் சுருண்டுகொள்ளும், குறைந்தால் எழுத்து உதிரும். பித்தளையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாயே, அந்தக் கோட்டிக்காரத்தனமும் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

அழுத்தும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை அசைந்துவிடும். போன வாரம் அவளால் அடக்க முடியவில்லை. இருமினாள். அவளுடைய பெயரே இரட்டையாக விழுந்தது. "வெறும் சளி அத்தை" என்றாள். அடுத்த பிலிமிலும் அப்படியே.

உனக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

டாக்டர் உன்னை நெஞ்சைப் படம் பிடிக்கச் சொன்னார். தனியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தாய். எங்கள் யாருக்கும் காட்டாமல், மற்ற பிலிமோடு சேர்த்துச் சோடாச் சட்டியில் போட்டாய். நான் அப்போதுதான் உள்ளே வந்தேன். "ஏன் மதினி, அதைப் போயி போட்டுட்ட?" என்றேன். "டாக்டரு பாத்துட்டாரு சரசு, சளின்னுட்டாரு. புது பிலிமு, எதுக்கு வீணாப் போகணும்?" என்று சிரித்தாய். நீ சிரித்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? அந்தப் பிலிமில் வசந்தா என்று பதித்து, ஓரத்தில் பூ வைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். அவள் அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகாத பிள்ளை.

நீ ரத்தமாகக் கக்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் கைமீறிவிட்டது. காசநோய்க்கு அப்போதே ஊசி வந்திருந்ததாம். டாக்டர் உன் படத்தைப் பார்த்துவிட்டு உடனே வரச் சொல்லியிருந்தாராம். நீ போன பிறகு அண்ணனிடம் சொன்னார். அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை மதினி.

எதற்கு மறைத்தாய்? தெரிந்தால் உன் கை பட்ட அட்டையை ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்றா? பிள்ளையை உன் மடியிலிருந்து பிடுங்கிவிடுவோம் என்றா? பிடுங்கித்தான் இருப்போம். அதுவும் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "ஏனுங்க, புள்ளையோட அம்மா எதுல தவறிப் போனாங்க?" அண்ணன் சட்டென்று "விஷக் காச்சலுங்க" என்று சொல்லிவிட்டது. நான் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது படம் எடுக்கலாம் என்றால் அண்ணன் கத்துகிறது. "தாலி ஏறட்டும் சரசு. ஊரு வாயில விழுந்துட்டா அப்புறம் எவன் வருவான்? கொஞ்ச நாள் பொறுக்க மாட்டியா?" அதன் பயமும் பொய் இல்லை. ஆனால் நீயும் இப்படித்தானே பொறுத்தாய்?

நேற்றுக் காலையில் வசந்தாவே கேட்டாள். "அத்தை, அம்மா எதுல செத்தாங்க? காச்சல்னு சொல்லாதீங்க."

நான் ஆணியிலிருந்து அந்தப் பிலிமைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். இத்தனை வருஷமும் அவள் தினமும் பார்த்த பெயர்தான். ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். லேசான நீலம், பொன்னெழுத்து, அவ்வளவுதான்.

"இது யாரோட படம் அத்தை?"

"உங்கம்மா நெஞ்சு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "பெரியாஸ்பத்திரிக்குத்தான போகணும்? வாங்க" என்றாள். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கல்யாணம் நின்னு போச்சுன்னா நீங்க அழுவீங்களா?" "அழுவேன்" என்றேன். "அழுதுக்கங்க. ஆனா படத்துல எது இருந்தாலும் அவுகளுக்குக் காட்டிறணும்" என்றாள். பெற்றது நீ, ஆனால் உன் பிள்ளை மாதிரி இல்லை. அந்த மட்டுக்கும் சாமிக்குக் கும்பிடு போட்டேன்.

படம் எடுத்துவிட்டார்கள். நாளைக் காலையில் கைக்கு வரும். அண்ணன் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் தின்கிறது. பத்திரிகை பாதியில் கிடக்கிறது. நல்லதாக இருந்தால் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கத்தான் ஆசையாக இருக்கிறது.

வேறு மாதிரி இருந்தால், இப்போது ஊசியும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் விடாமல் நானே கூட்டிப்போவேன். நெய்க்காரப்பட்டிக்கும் நானே போய், அந்தம்மா கையில் படத்தைக் கொடுத்து, நீ எதில் போனாய் என்பதையும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அவர்கள் பாடு.

சோடா டப்பாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். உன் மகள் நெஞ்சில் என்ன இருக்கிறதோ அது அப்படியே இருக்கும். அதை யாரும் கழுவ விடமாட்டேன், நீயே எழுந்து வந்து சிரித்தாலும் சரி.

இப்படிக்கு,
வசந்தாவுக்கு அத்தையும், உன் மேல் இன்னும் கோபம் ஆறாத நாத்தனாருமான
சரசு