சலவைப்பொறி என்று யாரும் தேடுவதில்லை

கடை மேஜை, ஞாயிறு காலை

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே உன் அம்மா சுகம், நானும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, பேச்சுவார்த்தை போய்க்கொண்டிருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், மீதியை யார் கேட்பது? தவிர, வெற்றிச் செய்தியை எழுத்தில் வைத்துவிட்டால் பிற்பாடு யாரும் மறுக்க முடியாது. ஆகவே முதலில் செய்தி. கடையைக் காலி செய்யவில்லை. ஓனர் மூன்று வருடத்துக்கு மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களுக்கென்று நீ வண்ணம் அடித்து வைத்திருக்கும் அந்த அறையில் தாராளமாக உன் சைக்கிளை நிறுத்திக்கொள்ளலாம்.

போன வருடம் நீ வந்திருந்தபோது ஓனர் நாலாம் மாடியிலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் நின்றது உனக்கு நினைவிருக்கும். வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு இனி யார் சார் கடை தேடி வர்றா, இங்க இப்படி ஒரு கடை இருக்குறதே யாருக்கும் தெரியாதே, போன் கவர் விக்கிறவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, ஒரு வருஷம் பார்த்துக்குங்க என்றார். நீ உடனே உன் அம்மாவிடம் ஒப்பந்தம் போட்டாய். ஒரு வருடத்தில் வலைத்தளத்தைப் பார்த்து ஆட்கள் வந்தால் சரி, வராவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் உன்னோடு வந்துவிட வேண்டும். அம்மா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்காமலே தலையாட்டினாள். ஊருக்குப் போனதும் நீ தளத்தைக் கட்டி அனுப்பினாய், கூடவே தேடுபொறியில் மேலே வர என்னென்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு அறிவுரை. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் கையில் இரண்டு பக்கத்தைக் கொடுத்தால் அவன் அதைப் படிப்பான் என்று எப்படி எதிர்பார்த்தாய்? திருத்தினேன். பக்கத் தலைப்பில் நீ "வாசிங் மிசின் ரிப்பேர்" என்று போட்டிருந்ததைப் பார்த்து, தூரதேசத்துத் தண்ணீர் உன் தமிழைக் கெடுத்துவிட்டது என்று இரண்டு நாள் வருந்தினேன். அப்புறம் தளத்துக்குள் புகுந்து கடைப் பலகையில் உள்ளபடியே "சலவைப்பொறிப் பழுதுநீக்க நிலையம்" என்று மாற்றினேன். உள்ளே "நீர் வெளியேற்றக் குறைபாடு", "அதிர்வு மிகுதி", "முறையற்ற ஒலி" என்று மூன்று பக்கம். ஒற்றுப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. நான்கு மாதத்தில் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒன்பது முறை நான், ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனது. மீதி இரண்டு பேர் யாராக இருக்கும் என்று பெருமையாக உன்னைக் கேட்டேன். நீ இருமினாய்.

அதன்பிறகு வந்தவர்தான் தேடுபொறி நிபுணர். எதிர்ச்சாரியில் முகப்பெல்லாம் கண்ணாடியாக ஒரு கடை இருக்கிறதே, தெருவே கண்ணாடிக் கடை என்கிறதே, புது மெஷின் விற்கிறவர்கள், எதைத் தேடினாலும் அவர்கள் தளம்தான் முதலில் வந்தது, அந்தக் கோபத்தில் நான்தான் உனக்குச் சொல்லாமல் அவரை அழைத்தேன். ஒரே வாரத்தில முதல் பக்கத்துல நிக்க வைக்கிறேன் சார் என்றார். கடையில் என்ன செய்கிறோம் என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அது அவருடைய முறைக்குத் தேவைப்படவில்லை. அவர் எழுதிய பக்கத்தில் "சிறந்த வாஷிங் மெஷின் ரிப்பேர்" என்பது நாற்பத்தாறு இடத்தில் இருந்தது, எண்ணினேன், வினைச்சொல் இரண்டே இரண்டு. பக்கத்தின் அடியில் ஏன் இவ்வளவு வெற்றிடம் என்று உன் அம்மா மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தால், வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்தாகச் சுற்றுவட்டாரத் தெருப்பெயர்கள் அத்தனையும். காகிதத்தை வீணாக்கும் வழிகளை நான் நிறையப் பார்த்தவன், வெள்ளையில் வெள்ளை அச்சடித்தவரை அப்போதுதான் பார்த்தேன். ஐம்பது பேர் பாராட்டியதாகவும் தானே எழுதித் தருகிறேன் என்று மாதிரி காட்டினார். அதில் ஒருவர் "சுவை அருமை, மறுபடியும் குடும்பத்தோடு வருவோம்" என்று எங்களைப் புகழ்ந்திருந்தார். நீ விஷயம் தெரிந்து போனில் கத்தியது தெருவுக்கே கேட்டது. அப்பா, அத உடனே எடுங்க, தேடுபொறி கண்டுபிடிச்சா நம்மள ஒரேயடியா ஒதுக்கி வச்சிடும் என்றாய். ஏற்கெனவே ஒதுங்கித்தானே இருக்கிறோம் என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டு, அவர் எழுதியதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் உன் இரண்டு பக்கத்தை முதல் முறையாகப் படித்தேன், பேனா இல்லாமல். மூன்றாவது வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தாய். வர்றவங்க தங்கள் கஷ்டத்தை எந்த வார்த்தையில சொல்றாங்களோ அதையே பக்கத்துல போடுங்க. இவ்வளவுதானா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நம் போன் நோட்டை எடுத்தேன். அச்சகம் விட்டு வந்த நாளிலிருந்து ஏழு வருடம், யார் பேசினாலும் நான் எழுதி வைத்த நோட்டு. உன் அம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இயந்திரம் அதிர்கிறது." "இயந்திரம் மிகையாக அதிர்கிறது." ஏழு வருடமாக நம்மைக் கூப்பிட்ட எல்லோரும் ஒரே மாதிரி அழகான தமிழில் பேசியிருந்தார்கள். அவள் நோட்டை மூடிவிட்டு, இதுல ஒருத்தர்கூடப் பேசலியே, நீங்க மட்டும்தான் பேசியிருக்கீங்க என்றாள். நீங்க அதிர்கிறதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவீங்க, நான் அவங்க வீட்டுல போய் நின்னுக்கிட்டு முதல்லேருந்து கேக்கணும். ஆடுதுன்னா கால் சமமா நிக்கல. குதிக்குதுன்னா உள்ள ஸ்பிரிங் போச்சு. அழுவுதுன்னா பேரிங். நடக்குதுன்னா முதல்ல புதுசா பழசான்னு கேக்கணும். நாலுக்கும் நாலு சாமான் எடுத்துட்டுப் போகணும், நீங்க நாலையும் அடிச்சு ஒண்ணாக்கி வச்சிருக்கீங்க. இதை இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றேன். உங்க கையெழுத்து அழகா இருந்துச்சு, மனசு வரல என்றாள். ஊரார் பேச்சுப்பிழையைத் திருத்துவதாக நினைத்து நான் நோயாளியின் வலியைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கென்று தனி நரகம் இருந்தால் அங்கே யாரும் பிழையாகப் பேசமாட்டார்கள் என்று நினைக்கிறேன், அதுதான் தண்டனை.

மறுநாள் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மோட்டார் ஒன்றைப் பிரித்தபடி சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். திருத்தக் கூடாது என்பது நிபந்தனை. "வாசிங் மிசின் நடக்குது" என்ற தலைப்பை எழுதும்போது என் கை நின்றுவிட்டது, ஷ மட்டுமாவது போடட்டுமா என்று கெஞ்சினேன். கால்ல தண்ணி நிக்கும்போது எவன் போன்ல ஷ எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு நிப்பான் என்றாள். கடைசியில் நீதான் சமாதானம் செய்துவைத்தாய், தலைப்பில் ஊர்த்தமிழ், கீழே முதல் வரியில் முறையான பெயர், இரண்டையும் தேடுகிறவர்களுக்கு இரண்டும். ஒரு தொல்லைக்கு ஒரு பக்கம், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணிக்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததையும் அப்படியே செய்தோம். ஒவ்வொரு பக்கத்திலும், கூப்பிடும் முன் அவர்களே எதையெதைப் பார்க்கலாம் என்று அம்மா வரிசையாகச் சொல்லிக் கொடுத்தாள். இப்படி வித்தையை எல்லாம் அவிழ்த்துக் கொட்டினால் யார் கூப்பிடுவார்கள் என்று பயந்தேன். தானே சரி பண்ணிக்கிறவங்க என்னைக்கும் நம்மகிட்ட வந்ததில்ல, முடியாதவங்க சொல்லிக் குடுத்த இடத்துக்குத்தான் பேசுவாங்க என்றாள். சுவரொட்டி அளவில் நான் ஏற்றிவைத்திருந்த படங்களை நீ சுருக்கினாய், அதற்கப்புறம்தான் பக்கம் திறக்கும்வரை ஒருவர் குளித்துவிட்டு வரலாம் என்ற நிலைமை மாறியது. வெவ்வேறு இடங்களில் கடை முகவரியை மூன்று விதமாகக் கொடுத்திருந்ததையும் ஒன்றாக்கினாய். அதுவரை தேடுபொறியின் கணக்கில் நாங்கள் பாழாய்ப்போன மூன்று கடைகளாக இருந்திருக்கிறோம்.

அப்புறமும் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பொறுங்கப்பா, அது படிச்சு நம்பறதுக்கு நாளாகும் என்றாய். நானும் ஒரு புத்தகத்தை நம்ப அவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறவன்தான் என்பதால் மரியாதையாகக் காத்திருந்தேன். பிறகு ஒரு காலையில் யாரோ ஒருவர், சார் எங்க மிசின் அழுவுது, நீங்க போட்டிருந்தீங்களே அதே மாதிரி அழுவுது என்றார். எழுந்து நின்று "அழுவுது" என்று அப்படியே நோட்டில் எழுதினேன். வாரத்துக்கு நாலு, பிறகு பத்து, இப்போது அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் ஓனர் மனம் இளகவில்லை. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது போன் கவர்க்காரர் வந்து நம் சுவரை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார்.

அதற்கு மறுநாள், செவ்வாய், பதினோரு மணி. ஒரு பெண்மணி, குரலில் பதற்றம். நெட்ல மிசின் நடக்குதுன்னு தேடினேன், உங்களது முதல்ல வந்துச்சு, எங்களுது நடந்து வந்து கதவை அடைச்சிடுச்சு, துணி துவைக்கிற ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன், வீட்டுக்காரர் வெளியே நின்னு தள்ளுறாரு, அசையல என்றார். அம்மாவிடம் போனை நீட்டினேன். சுவிட்சை அணைங்க, புதுசா பழசா என்றாள். நேத்துதான் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தது என்றார்கள். முகவரியை நான் எழுதிக்கொண்டேன். கதவு எண், தெரு என்று எழுதி முடித்துப் பார்த்தால் நம் கடை முகவரி. பழக்கதோஷத்தில் தப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது என்று அடிக்கப் போனேன். நாலாவது மாடி என்றது போன்.

உன் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள், முழங்காலோடு நானும். ஓனர் கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நீங்க தள்ளாதீங்க என்று அவரை விலக்கிவிட்டு, வலது மூலையத் தூக்கிக் கொஞ்சம் திருப்புங்கம்மா, அவ்வளவுதான், இன்னொரு தடவை என்று கதவு வழியாகவே சொல்லிக் கதவைத் திறக்க வைத்தாள். உள்ளே போய் மெஷினின் முதுகைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். வண்டியில் வரும்போது உள்ளே இருக்கும் டிரம் ஆடாதிருக்க நாலு போல்ட் முடுக்கியிருப்பார்கள், இறக்கியதும் கழற்ற வேண்டும், கண்ணாடிக் கடை ஆட்கள் கழற்றாமலே ஓடவிட்டுப் போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் நாலையும் கழற்றி, வீடு மாத்தும்போது திரும்பப் போடணும் என்று ஓனரம்மா கையில் கொடுத்து மெஷினை ஓட்டிக் காட்டினாள். நின்ற இடத்தில் நின்றது. ஓனரம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களே, எங்கேருந்து வர்றீங்க என்று கேட்டார்கள். உன் அம்மா பெட்டியை மூடியபடி சொன்னாள்: கீழேருந்து.

ஓனரம்மாவுக்கு நம் பலகையைத் தினமும் பார்த்தும், அது ஏதோ ஆபீஸ் என்றுதான் நினைப்பாம். பிறகு கணவர் பக்கம் திரும்பி, இவங்களையா காலி பண்ணச் சொல்றீங்க, யாருக்கும் தெரியாத கடைன்னீங்க, எனக்கு முதல்ல வந்ததே இதுதான் என்றார்கள். ஓனர் போல்ட்டுகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தை இரங்கல் கூட்டத்துக்கு வந்தவன்போல வைத்துக்கொண்டேன், அது சுலபமாக இருக்கவில்லை. மறுநாளே ஒப்பந்தத்தோடு இறங்கி வந்தார். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்தாமல் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் வாலு, உன் இரண்டு பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம், நான் போட்ட சிவப்பு மையோடு. ஓனரம்மா தளத்தில் நாலு வரி பாராட்டு எழுதியிருக்கிறார்கள், பிழைகளைத் தொட்டுவிடாதே, அவைதான் அது நிஜம் என்பதற்குச் சாட்சி. கண்ணாடிக் கடைப் பையன்கள் மெஷின் இறக்கும்போது இப்போதெல்லாம் அம்மா எதிரில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவ ஒவ்வொரு ஞாயிறும் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிடறா, அது உங்க நோட்டு மாதிரியே இருக்கு, அதுல அவ பேசவே இல்ல. ஆடுதா, குதிக்குதா, நடக்குதா, அழுவுதான்னு கேளுங்க. ஆகவே கேட்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குறையின்றி நீடூழி வாழ வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் தூங்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் உங்களுக்கு என்றும் உண்டு. பதில் போட மறக்காதே. உன் வார்த்தையிலேயே எழுது. நான் திருத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வாசிங் மிசின் ரிப்பேர் கடை
(பலகையை மாற்றியாகிவிட்டது)